எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குழப்படி

"எல்லாத்துக்கும் ஒரு பேர் வைக்கிறதைத்தான் உனக்கு யூனிவர்சிட்டியிலை படிப்பிச்சவையே?" என்று பெரியம்மா கேட்டார்.

பெரியம்மா என்றால் அம்மாவின் தமக்கை. என் பட்டமளிப்பு முடிந்த அடுத்த ஞாயிறு, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து கேட்டார். அதற்குச் சற்று முன்தான் நான் தங்கச்சியைப் பற்றிப் பேசியிருந்தேன். அவள் சின்ன வயதில் அடம்பிடித்தது குணத்தால் அல்ல, சத்தமும் தொடுகையும் மணமும் மற்றவர்களுக்குப் போவது போல அவளுக்குள் போகவில்லை, சாதாரணமான ஒன்றுகூட அவளுக்கு அடியாக விழுந்திருக்கிறது, அப்போதே யாராவது கவனித்திருந்தால் உதவியிருக்கலாம் என்றேன். வகுப்பில் படித்ததை முதன்முதலாகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா எலும்பைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார். "நாலு அடி கூடப் போட்டிருந்தா அப்பவே மாறியிருக்கும். கொம்மா செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டாள். இப்ப நீ வந்து உதுக்கு ஒரு வருத்தத்தின்ரை பேரை வைக்கிறாய்."

அம்மா என் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டார்.

தங்கச்சி கீழே, நிலக்கீழ் அறையில் இருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவளுக்கு எப்போதும் எல்லாம் கேட்கும். அதுதானே பிரச்சினை.

இதை என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். முப்பதைத் தாண்டிவிட்டோம். பத்தாம் மாடி, பதினோராம் மாடி என்று அடுக்குமாடிகளில் வளர்ந்தோம். கழுத்தில் சாவியை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். தொலைபேசிக் கொம்பனிக்கு அம்மாவின் குரலில் கதைத்தோம். வீட்டுக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னது நாங்கள்தான். எங்கள் குடும்பத்தில் அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா எட்டாம் வகுப்பில் இடம்பெயர்ந்தவர், அதன்பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. நான்தான் முதன்முதலாகப் படித்தவள். அதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அந்தப் பெருமை பட்டமளிப்பு அங்கியோடு வந்ததல்ல. ஒன்பது வயதிலேயே என்னிடம் இருந்தது. அந்த வயதில் அது என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

அந்த வருடக் குளிர்காலத்தில் எனக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு ஐந்து. அம்மா விடிய ஏழு மணிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சியின் வான் வண்டியில் ஏறிப் பொதிசெய்யும் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். இரவு முழுக்க பேக்கரியில் நின்ற அப்பா ஒன்பது மணிக்குத்தான் வந்து சேருவார். பாலர் வகுப்பு எட்டே முக்காலுக்குத் தொடங்கும். நடுவில் இருந்த அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குத் தங்கச்சி என் பொறுப்பு.

சொக்ஸில் இருந்துதான் தொடங்கும். சொக்ஸின் முனையில், விரல்கள் முடிகிற இடத்தில் ஒரு தையல் ஓடும். அப்படி ஒன்று இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அவள் கழற்றி எறிவாள். "எறும்பு கடிக்குது" என்பாள். நான் உள்ளே கைவிட்டுப் பார்ப்பேன், எறும்பு இருக்காது. திரும்பப் போடுவேன். திரும்பக் கழற்றுவாள். யாரோ நன்கொடையாகத் தந்த ஊதா நிற ஸ்னோசூட் ஒன்று, பனிக்கு உடம்பு முழுவதையும் மூடும் உடுப்பு, இருந்தது. அதன் சிப்பைக் கழுத்துவரை இழுத்தால் மூச்சுத் திணறுவதுபோலத் தலையை ஆட்டுவாள். தொப்பியின் உள்ளே இருந்த லேபிளைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். பிய்த்த இடத்தில் மிஞ்சிய நூல் லேபிளைவிடக் கூடுதலாகக் குத்தியது. அதற்கும் அழுதாள்.

சொக்ஸை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டால் அவள் அழமாட்டாள் என்று இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. ஒருநாள் அவசரத்தில் அப்படிப் போட்டுவிட்டேன், அவள் பேசாமல் எழும்பிக் கதவடியில் போய் நின்றாள். மூன்று நாள் அப்படியே போனோம். நான்காம் நாள் பின்னேரம் அம்மா அவளது காலைப் பார்த்துவிட்டார்.

"என்னடி இது? ரீச்சர்மார் பாத்தா என்ன நினைப்பினம்? தாயில்லாப் பிள்ளை எண்டு நினைக்க மாட்டினமே?"

அதோடு அது முடிந்தது. மறுநாளில் இருந்து தையல் மீண்டும் உள்ளே. எட்டரைக்கு முன் கதவைப் பூட்டாவிட்டால் பள்ளியில் பிந்தி வந்த சீட்டு எழுதித் தருவார்கள். என் பெயரில் அப்படி ஒரு சீட்டு வரக்கூடாது என்பது எனக்குப் பெரிய விஷயம். அவளை நிலத்தில் கிடத்தி, முழங்காலால் காலை அமத்திக்கொண்டு போட்டேன். அடித்தும் இருக்கிறேன். அம்மா அடித்தார், அப்பா அடித்தார், நானும் அடித்தேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குழப்படி. குழப்படிக்கு மருந்து அடி.

ஞாயிற்றுக்கிழமைகளில் தலை இழுக்கும் நேரம் இன்னும் மோசம். சீப்பு முடியைத் தொடும் முன்பே அவள் தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும். அம்மா அவளைக் கால்களுக்கிடையில் இறுக்கி வைத்துக்கொண்டு, எண்ணெய் தடவி, சிக்கு எடுப்பார். அந்தக் கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார். மீன் குழம்பு கொதித்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இடியப்பம் சாப்பிடுவாள், புட்டுச் சாப்பிடமாட்டாள். புட்டு வாய்க்குள் "மண்" என்பாள். அம்மா ஒருதரம் வாயைப் பிடித்துத் திணித்தார், அவள் சாப்பாட்டு மேசை முழுக்கச் சத்தி எடுத்தாள்.

உங்கள் வீடுகளிலும் புலிப் படம் போட்ட தடித்த போர்வை ஒன்று இருந்திருக்கும். பிளாஸ்ரிக் பெட்டியில் சிப் வைத்து வரும், தூக்கினால் ஒரு பிள்ளையின் பாரம் இருக்கும். எங்களுடையது மண்ணிறம். பள்ளியால் வந்ததும் தங்கச்சி அதை இழுத்து நிலத்தில் விரித்து ஓரத்தில் படுப்பாள். "அக்கா, சுத்து" என்பாள். அவளைப் பாய் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டுவேன், தலை மட்டும் வெளியே தெரியும். "இன்னும் இறுக்கு." மேலே சாய்ந்து படுப்பேன். கொஞ்ச நேரத்தில் அவளது மூச்சு நீளமாகும், முகம் தளரும். அந்த அரை மணி நேரம் மட்டும் அவள் எல்லாப் பிள்ளைகளையும் போல இருந்தாள். ஒருநாள் அம்மா வேலையால் முந்தி வந்துவிட்டார். "மூச்சடைச்சுச் சாகப்போகுதடி!" என்று கத்தி, போர்வையைப் பறித்து அலுமாரிக்கு மேலே எறிந்தார். அம்மா பயந்தது பிழையில்லை. இப்போது நான் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அப்படிச் சுருட்டினால் நானும் ஓடிப்போய் அவிழ்ப்பேன். ஆனால் அம்மா அவளது முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் ஏறினாலும் எனக்கு அலுமாரி எட்டவில்லை.

மாசி மாதம் பெரியம்மாவின் மகளுக்குச் சாமத்தியவீடு, பூப்பு நீராட்டு விழா, நடந்தது. அந்தக் காலத்து மண்டபங்கள் உங்களுக்குத் தெரியும். இயந்திரம் கக்கும் ஆளை ஆள் தெரியாத புகை, கண்ணைக் குத்துகிற கமெரா வெளிச்சம், தவிலுக்கு முன்னால் ஒலிவாங்கி, அதற்குப் பக்கத்தில் ஆளுயர ஸ்பீக்கர். பூத்தட்டு ஏந்திப் போகும் சின்னப் பிள்ளைகளின் வரிசையில் தங்கச்சியையும் விட்டார்கள். சரிகைக் கரை வைத்த புதுப் பட்டுப் பாவாடை, கழுத்தை நெரிக்கிற மாலை, ஊசி குத்திப் பொருத்திய பூ. அவளுக்கு முன்னால் நான் நின்றேன்.

தவில் தொடங்கியது. அவள் தட்டைக் கீழே வைத்தாள். காதைப் பொத்திக்கொண்டு ஒரு மேசைவிரிப்புக்குள் புகுந்தாள். அப்பா காலைப் பிடித்து வெளியே இழுத்தார். அவள் அப்பாவின் கையைக் கடித்தாள், மேற்சட்டையைக் கிழித்துக் கழற்றினாள், முந்நூறு சனத்துக்கு முன்னால் பெற்றிக்கோட்டோடு நின்று கத்தினாள். அப்பா கன்னத்தில் ஓங்கி அறைந்தார். கமெராவுக்கு முன்னால் எல்லாம் நடந்தது.

வீடியோக்காரர் அதை வெட்டவில்லை. டிவிடி வந்த பிறகு, விருந்தாளிகள் வரும்போதெல்லாம் பெரியம்மா வீட்டில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டுவார்கள். "பொறுங்கோ பொறுங்கோ, இப்ப வாறாள் பாருங்கோ எங்கடை குழப்படிக்காரி!" சிரிப்பு. தங்கச்சியும் அந்த அறையில் இருப்பாள். எல்லாரும் சிரிப்பதால் அவளும் சிரிப்பாள்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், பிள்ளைகளின் நடத்தையைக் கவனித்து எழுதும் பயிற்சி ஒன்று தந்தார்கள். வேறெந்தப் பிள்ளையின் வீடியோவும் என்னிடம் இருக்கவில்லை. பெரியம்மாவிடம் அந்த டிவிடியைக் கேட்டு வாங்கி, சத்தத்தை நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். கத்தல் திடீரென்று வரவில்லை. அதற்கு முன் நெடுநேரம் அவள் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நுனிக்காலில் நிற்கிறாள். ஒரு காதைத் தோளில் அமத்துகிறாள். ஸ்பீக்கரில் இருந்து ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போகிறாள், யாரோ ஒரு அன்ரி ஒவ்வொரு தரமும் முன்னுக்குத் தள்ளிவிடுகிறார். கடைசியில் என் பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள். திரையில் நான் திரும்பிப் பார்க்கிறேன், அவளது கையைத் தட்டிவிடுகிறேன், கமெராவைப் பார்த்து என் தலையில் இருந்த மல்லிகையைச் சரிசெய்கிறேன்.

அந்தப் பயிற்சிக்கு எனக்கு ஏ பிளஸ் கிடைத்தது.

சாமத்தியவீடு முடிந்து சில வாரங்களில் பாலர் வகுப்பு ரீச்சர் என்னை என் வகுப்பில் இருந்து கூப்பிட்டார். இளம் பெண், எப்போதும் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். வீட்டுக்கு மூன்று தரம் அழைத்தாராம், யாரும் எடுக்கவில்லையாம். எப்படி எடுப்பார்கள்? அம்மா வேலையில், அப்பா நித்திரையில். என் உயரத்துக்குக் குனிந்து, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். உன் தங்கை கெட்ட பிள்ளை இல்லை. அவளுக்குச் சில விஷயங்கள் கஷ்டமாக இருக்கின்றன. ஏன் என்று அறிந்த ஒருவர் வந்து அவளோடு விளையாடிப் பார்ப்பார். அதற்கு அம்மாவின் கையெழுத்து வேண்டும். வெள்ளை உறை ஒன்றைத் தந்தார்.

அன்று பின்னேரம் குசினியில் வைத்து அதை வாசித்தேன். ஒரு பக்கம். கீழே இரண்டு பெட்டிகள், சம்மதிக்கிறேன் என்று ஒன்று, சம்மதிக்கவில்லை என்று மற்றது. நடுவில் எனக்கு விளங்காத சொற்கள் நாலைந்து இருந்தன. விளங்கவில்லை என்று சொல்லும் வழக்கம் என்னிடம் இல்லை. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான். தெரியாது என்று சொன்னால் நான் யார்? அந்தச் சொற்களுக்கிடையில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் மூளை.

"என்னவாம் ரீச்சர்?" என்று அம்மா கேட்டார்.

"தங்கச்சியின்ரை மூளையைச் சோதிக்க வேணுமாம்" என்றேன்.

அம்மா அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். "விசர் எண்டு சொல்லுகினமோ?"

ரீச்சர் சொன்னது அத்தனையும் எனக்கு நினைவில் இருந்தது. கெட்ட பிள்ளை இல்லை என்றதை, விளையாடிப் பார்ப்பார் என்றதை நான் சொல்லியிருக்கலாம். கடிதத்தை வாசிப்பது என் வேலை, கடிதத்தில் இல்லாததைச் சொல்வது என் வேலை அல்ல என்று நினைத்தேனோ என்னவோ. "தெரியாது, அப்பிடித்தான் போட்டிருக்கு" என்று சொன்னேன்.

எங்கள் சனத்துக்கு அப்போது ஒரு பழக்கம் இருந்தது. கடிதத்தைப் பிள்ளை வாசிக்கும், முடிவை அங்கிள் எடுப்பார். பிளாசாவில் மரக்கறிக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு மேசை, சாமிப் படம், பிரதியெடுக்கும் இயந்திரம். படிவங்கள் நிரப்பித் தருவதால் நாங்கள் அவரைப் போம் அங்கிள் என்போம். அவர் வழக்கறிஞர் இல்லை, ஒன்றுமே இல்லை. எங்களுக்கு முன் வந்தவர், எங்களைவிட நன்றாக இங்கிலீஷ் எழுதுவார், அவ்வளவுதான். வாடகைக் கடிதம், வரிக் கடிதம், பல் வைத்தியரின் கடிதம் எல்லாம் அவரிடம் போகும். அந்தச் சனிக்கிழமை நாங்கள் நாலு பேரும் போனோம்.

அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். "உங்கடை கேஸ் என்ன மாதிரி?"

"அகதி எண்டு ஏத்துக்கொண்டிட்டாங்கள், அண்ணை" என்றார் அப்பா. "நிரந்தரமா இருக்க விடுற லாண்டிங் பேப்பர் இன்னும் வரேல்லை."

"அப்ப இதிலை கையெழுத்து வையாதையுங்கோ. மெடிக்கல் பாத்துத்தான் லாண்டிங் குடுப்பாங்கள். பிள்ளைக்கு மூளையிலை வருத்தம் எண்டு ஒரு பேப்பர் கிடந்தா, முழுக் குடும்பத்தையும் பிளேனிலை ஏத்துவாங்கள்."

"இது பள்ளிக்கூடத்துப் பேப்பர்தானே?"

"கவுண்மேந்து ஒண்டுதான் தம்பி. ஒரே கொம்பியூட்டர். இஞ்சை தட்டினா அங்கை தெரியும்."

அப்பா தலையாட்டினார். அம்மாதான் கேட்டார். "அப்ப பிள்ளைக்கு என்ன செய்யிறது, அண்ணை?"

"ஐயரிட்டைக் காட்டி ஒரு நூல் கட்டுங்கோ. வளர எல்லாம் சரிவரும். என்ரை மச்சான்ரை பெடியும் உப்பிடித்தான் நிண்டது, இப்ப எஞ்சினியர்."

தங்கச்சி பிரதியெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சூடான தட்டில் கன்னத்தை வைத்து நின்றாள். அங்கிள் பேனாவை என்னிடம் நீட்டினார். "பிள்ளை கெட்டிக்காரி எல்லே, நீயே நிரப்பு."

நான் நிரப்பினேன். இரண்டாவது பெட்டியில் சரி போட்டேன். கோடு பெட்டிக்கு வெளியே துளியும் போகாமல் போட்டேன். அம்மா தமிழில் கையெழுத்து வைத்தார், அதன்கீழே அவரது பெயரை இங்கிலீஷில் எழுதியதும் நான்தான். அங்கிள் என் எழுத்தைப் பார்த்து "அச்சடிச்ச மாதிரி" என்று சொல்லி தின்ன ஒரு டொபி தந்தார்.

திங்கட்கிழமை ரீச்சர் உறையைப் பிரித்தார். நெடுநேரம் பார்த்தார். "இது என்ன என்று அம்மாவுக்கு விளங்கியதா?" என்று கேட்டார்.

"ஓம், நான்தான் வாசித்துச் சொன்னேன்" என்றேன், நிமிர்ந்து நின்று.

அவர் நன்றி சொன்னார். அவ்வளவுதான். அந்தப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் தமிழர். தமிழ் தெரிந்த பெரிய ஆள் ஒருவரைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம் போதும். வளர்ந்த மனிசி, ஒன்பது வயதுப் பிள்ளையின் சொல்லை ஏற்றுக்கொண்டு கோப்பை மூடினார். நான் இப்போது அதே வேலையில் இருப்பதால் சொல்கிறேன், அவர் களைத்துப்போயிருந்திருப்பார், இருபத்தைந்து பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை.

அங்கிளையும் தான். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களை அந்த மெடிக்கல் காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. பல்கலைக்கழக நூலகத்தில் இருந்து சட்டத்தை நானே வாசித்தேன். பள்ளிக்கூடக் கோப்பு குடிவரவு அலுவலகத்துக்குப் போவதும் இல்லை. ஒரே கொம்பியூட்டரும் இல்லை. அங்கிள் பொய் சொல்லவில்லை, தெரியாது என்று சொல்ல அவருக்கும் தெரியவில்லை. அவர் செத்தபோது தமிழ்ப் பத்திரிகையில் முழுப்பக்கம் வந்தது, சமூக சேவையாளர் என்று. அப்பா அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறார்.

தங்கச்சிக்கு நூல் கட்டினார்கள். கழுத்தில் கட்டிய அந்த நூலும் அவளுக்குக் கடித்தது.

அதன்பின் ஒவ்வொரு வகுப்பிலும் அவள் குழப்படிக்காரியாகவே ஏறினாள். கதிரையில் இருக்கமாட்டாள், மணி அடித்தால் அழுவாள், வரிசையில் யாராவது முட்டினால் திருப்பி அடிப்பாள். உயர்பள்ளியில் மதிய உணவு மண்டபத்துக்குள் கால் வைக்க முடியாமல் படிக்கட்டுக்குக் கீழே இருந்து சாப்பிட்டாள். பதினோராம் வகுப்பில் போவதை நிறுத்தினாள். இப்போது ஒரு பெரிய கடையில், கடை திறக்க முன் சாமான் அடுக்குகிறாள். சனம் உள்ளே வர அவள் வெளியே வந்துவிடுவாள். வேலையில் கெட்டிக்காரி, ஒரு லேபிள் பிழையாக இருக்காது. ஆனால் கலியாண வீடுகளில் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கிறவர்கள் சொல்வது ஒன்றுதான். "ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளையள்தானே? ஒழுங்காப் படிச்சிருந்தா அக்கா மாதிரி வந்திருக்கலாம்."

நான் மில்லிக்கனில் பாலர் வகுப்பு ஆசிரியை. யாருக்கும் வருத்தம், நோய் என்று பெயர் வைப்பதில்லை, அதைச் சொல்வதற்குப் படித்தவர்கள் வேறு. அடம்பிடிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் அது என்று நினைப்பதும் இல்லை. ஒரு பிள்ளை கத்தினால், கத்தலுக்கு முந்திய பத்து நிமிடத்தை எழுதி வைப்பேன். எந்தச் சத்தம், எந்தத் துணி, எந்த மூலை என்று எழுதுவேன். பெற்றோரோடு பேசும்போது மொழிபெயர்க்கப் பெரிய ஆள் ஒருவர் இருக்கவேண்டும், அண்ணனோ அக்காவோ உள்ளே வரக்கூடாது. ஒருதரம் ஒரு தகப்பன், "ஏன் மிஸ், என்ரை மூத்தவள் நல்லா இங்கிலீஷ் கதைப்பாள்" என்றார். "அதுதான் வேண்டாம் எண்டுறன், அண்ணை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

மற்றவர்களின் பிள்ளைகளுக்கு இத்தனையும் செய்தேன். பெரியம்மா கேட்ட கேள்விக்குப் பயந்தோ, என் கைவேலையைச் சொல்ல வெட்கப்பட்டோ, தங்கச்சியிடம் மட்டும் எட்டு வருடம் வாய் திறக்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் சொன்னேன். ரூஜில் எங்கள் உறவினர் வீட்டுக்கு அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில், காரில் வைத்து. காருக்குள் அவள் நன்றாக இருப்பாள், கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியுலகம் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு எல்லாம் சொன்னேன். கடிதம், மூளை என்ற சொல், அங்கிள், பெட்டி, டொபி. இத்தனை வருடம் மனதுக்குள் எழுதி எழுதித் திருத்திய பேச்சு. அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு அந்தப் பேப்பர் ஞாபகமில்லை" என்றாள்.

"உனக்கு அஞ்சு வயசு."

"நீ அடிச்சது ஞாபகம் இருக்கு. சொக்ஸ் போடேக்கை. எவ்ரி டே."

அவள் இன்னும் முன்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பிப் போட்டா எனக்கு ஓகே எண்டு உனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அந்த ரீச்சருக்கு எங்கடை வீட்டிலை நடக்கிறது தெரியாது. யூ நியூ, அக்கா. தெரிஞ்சுகொண்டுதான் அடிச்சனீ."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கடைத் தட்டில் சாமான் எது எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். கையெழுத்தும் சட்டமும் கோப்பும் என்று நான் படித்த பிள்ளையின் கணக்கிலேயே குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் அதை வேறு இடத்தில் வைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள். "வீட்டை போவம், ஐ ஹாவ் வேர்க்."

அதன்பிறகு மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் வேலையால் வந்த கையோடு போனில் கேட்டாள். "இது பெரிய ஆக்களுக்கும் பாப்பினமா?"

"பாப்பினம். நான் இடம் விசாரிச்சனான்."

"நான் பைத்தியம் எண்டு எழுத மாட்டினமே?"

"இல்லையடி."

"எனக்குப் பேர் ஒண்டும் வேண்டாம். சும்மா, நான் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு ஆராவது சொன்னாக் காணும்." கொஞ்சம் பொறுத்து, "வெயிற்றிங் ரூமிலை சனம் இருக்குமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. "தெரியாது, பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, நான் விசாரித்து வைத்த அந்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். காத்திருக்கும் அறையில் ஒரு மணி நேரம் இருந்தேன். சுவரில் ஒரு தொலைக்காட்சி, யாரும் பார்க்காத சமையல் நிகழ்ச்சி. மூலையில் மீன்தொட்டி ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மேலே விளக்கொன்று மெல்லிதாக இரைந்தது, பத்து நிமிடம் கண்ணை மூடி இருந்த பிறகுதான் எனக்கே கேட்டது. எல்லாவற்றையும் எழுதினேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டாள். அறையைப் பார்க்க வந்தேன் என்றேன். ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள். ஆனால் சொன்னதைக் கேட்டாள். காலையில் முதல் ஆளாக எட்டு மணிக்கு இடம் தந்தாள், தொலைக்காட்சியை நிறுத்தி வைப்பதாகவும் அந்த விளக்கைப் போடாமல் விடுவதாகவும் குறித்துக்கொண்டாள்.

வெளியே வந்து, உள்ளே எடுத்த படங்களைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "அந்தக் கதிரைத் துணி வேண்டாம்."

திரும்பி உள்ளே போனேன். வேறு கதிரை இருக்கிறதா என்று கேட்டேன். பின்னால் சாமான் அறையில் பிளாஸ்ரிக் கதிரை ஒன்று இருந்தது. தூசி தட்டி, கைத்துண்டால் துடைத்து, நானே தூக்கி வந்து யன்னல் பக்கம் போட்டேன். அதில் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். பிறகு இரண்டடி தள்ளி, மீன்தொட்டியின் குமிழிச் சத்தத்துக்குத் தூரமாக வைத்துவிட்டு வந்தேன்.